ஒன்பது புள்ளிகள்

ஒரு மணிக்கு வந்துடறேன்னு அந்தோணிசாமி சொல்லியிருக்கார். கம்ப்யூட்டர் கடைக்காரங்க ஒரு மணின்னா அது ரெண்டு, ரெண்டரை, எனக்குத் தெரியாதா. ஆனா இவரை அனுப்புறது கொடி. ஓசூர்ல ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் போட்டு அந்த மனுஷனையும் விரட்டுவா, என்னையும் விரட்டுவா, நான் பெத்தது அப்படி. இப்ப பன்னெண்டு அஞ்சு. முக்கால் மணி நேரம் இருக்குன்னு வச்சுக்கலாம். அதுக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை கிடைச்சாகணும். வந்தார்னா இந்தப் பெட்டியைக் கழட்டி உள்ள இருக்கற டிஸ்க்கை எடுத்துடுவார். "பாஸ்வேர்டுதானேம்மா, ரெண்டு நிமிஷ வேலை"ன்னு அன்னைக்குப் போன்லயே சொன்னாரே, அந்த ரெண்டு நிமிஷத்துல அவர் வாயில அது வந்துடும். என் புருஷன் என்கிட்டகூடச் சொல்லாத ஒரு வார்த்தையை, உறையூர் மெயின் ரோட்டுல கடை வச்சிருக்கற ஒருத்தர், சட்டைப் பையில பேனாவைத் தேடிக்கிட்டே எனக்குப் படிச்சுக் காட்டுவார். அது ஒரு பொம்பளை பேரா இருந்துட்டா? "இதாம்மா"ன்னு சொல்லிட்டு அவர் என்னைப் பாக்காம ஜன்னலைப் பாப்பார். முதல்ல எனக்குத் தெரியணும். எனக்குத் தெரிஞ்சப்புறம் ஊருக்கே தெரியட்டும், எனக்கென்ன.

ஸ்கிரீன்ல ஒன்பது புள்ளி. மேல் கட்டத்துல தணிகாசலம்னு இங்கிலீஷ்ல என் புருஷன் பேரு, கீழ்க் கட்டத்துல ஒன்பது புள்ளி, கருப்பா, உருண்டையா. நான் ஒண்ணையும் அடிக்கல, தொடக்கூட இல்ல. பெட்டியை ஆன் பண்ணினா இன்டர்நெட் பாக்கற கொக்கு தானா திறக்கும், மெயில் பக்கத்தைத் தானா எடுத்துப் போடும், ஒரு நிமிஷம் சும்மா இருக்கும், அப்புறம் ரெண்டு கட்டத்தையும் தானா ரொப்பும். அந்த ஒரு நிமிஷம் இருக்கே, அது எனக்குப் பிடிக்காது. யோசிக்கற மாதிரி இருக்கும். பின்னாடி வந்திருக்கறது யாருன்னு பாத்துட்டு ரொப்பற மாதிரி இருக்கும். ரொப்பி என்ன பிரயோஜனம், உள்ள போகாது. இப்ப இருக்கற இன்டர்நெட் இந்தப் பழசை வாசலோட நிறுத்திடுது. மெயிலுக்குள்ள போகணும்னா என் போன்லதான் போகணும், போனுக்கு வார்த்தை தெரியாது. வார்த்தை தெரிஞ்ச கொக்கு வாயைத் திறக்காது, புள்ளியா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நாளைக்கு மூணு தடவை தப்பாப் போட்டா போன்ல அன்னைக்குப் பூட்டிடும். காலையில இட்லி சாப்பிடறதுக்கு முன்னாடியே ரெண்டு போட்டு ரெண்டும் போச்சு. மிச்சம் ஒண்ணு. புத்தி கெட்டவளே, காலையில என்ன அவசரம் உனக்கு.

கொக்குன்னா, கொக்குதான். அதோட நிஜப் பேரு வாயில நுழையாது, ஏதோ குளிர் நாட்டுல நாலஞ்சு பேர் சேர்ந்து பண்ணினது. படத்துல ஒத்தைக் கால்ல ஒரு பறவை நிக்கும், அதனால எங்க வீட்டுல கொக்கு. இன்டர்நெட் பாக்கற பிரவுசர் எல்லாருக்கும் ஒண்ணு இருந்தப்ப இவருக்கு மட்டும் இது. தொண்ணூத்தெட்டுலயோ ஒன்பதுலயோ ஒரு சிடில கொண்டு வந்தார், ஏதோ குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி ரெண்டு கையில. "வேதா, இதைப் பாரேன், பக்கம் வரும்போதே எழுத்தையும் கூடவே கூட்டிக்கிட்டு வருது!" அப்பல்லாம் தமிழ்ப் பக்கம் படிக்கணும்னா முதல்ல எழுத்தைத் தனியா இறக்கணும், அதை எங்க போடணும்னு தெரியாது, போடலைன்னா கண்ணா பின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வரும். கொக்குல அந்தத் தொல்லையே இல்ல. யார் வேணும்னாலும் திறக்கலாம், திறந்தா தமிழ். மத்ததெல்லாம் ஒரு ஜன்னலைத் திறக்கவே முக்கினப்ப இது ஒரே ஜன்னல்ல பத்துப் பக்கம் வச்சுக்கும், நேத்து எங்க விட்டியோ அங்கயே திறக்கும், பாஸ்வேர்டை நினைப்பு வச்சுக்கும், அடுத்து எதைத் தொடப் போறோம்னு பாத்து முன்னாடியே எடுத்து வச்சுக்கும். "பத்து வருஷம் கழிச்சு உலகமே இப்படித்தான் இருக்கும்"னார். இருக்குதே. கொடி போன்ல இருக்கு, என் போன்ல இருக்கு, அந்தோணிசாமி போன்லயும் இருக்கும். கொக்கு மட்டும்தான் இல்ல. அந்த நாலஞ்சு பேர் கடையை மூடிட்டுப் போய் இருபது வருஷம் ஆச்சு. இவர் அதை நம்பி ஆயிரத்து நூத்து நாப்பது பக்கம் போட்டு வச்சார், ஊர்க்கதை, தாவரப் பேரு, காவிரி வெள்ளம் வந்த வருஷமெல்லாம், எல்லாம் நான் அடிச்சுக் கொடுத்தது. கொக்கு செத்ததும் அத்தனையும் கண்ணா பின்னான்னு ஆயிடுச்சு. "புது எழுத்துக்கு மாத்துங்களேன்"னு எத்தனையோ பேர் சொன்னாங்க. "நான் எதுக்கு மாத்தணும்? அவங்கதான் பின்னாடி இருக்காங்க"ன்னு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம்.

அவர் போனது ஆனி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும், நல்ல வெயில். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். சட்டையை மாட்டற சத்தம், செருப்புச் சத்தம், கேட் சத்தம். சொல்லிட்டுப் போகல. பக்கத்துல பேப்பர் கடைக்குத்தானேன்னு நானும் கேக்கல. பதினோரு வருஷம். போலீஸ் ஸ்டேஷன்ல என்னை வச்சு வாங்கினாங்க, கடன் உண்டா, குடி உண்டா, குடும்பத்துல சண்டை உண்டா, "வேற ஏதாவது... தொடர்பு?" அந்த ஏட்டு அதைக் கேட்டப்ப நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தைக்கு வந்துட்டாங்க, காணாமப் போயிட்டார். சாவியும் குடையும் காணாமப் போகும், ஒரு ஆம்பளை எப்படிக் காணாமப் போவான்? ஏழு வருஷம் ஆனதும் கொடி சொன்னா, "அம்மா, சட்டப்படி அப்பா இல்லைன்னு ஆயிடுச்சு, ஒரு படமாவது மாட்டலாம்மா, எனக்குக் கும்பிடறதுக்கு ஒரு இடம் வேணும்." பாவம், அவ மட்டும் என்ன செய்வா. ஓசூர்ல அவ வீட்டுல மாட்டினோம். மாலை மட்டும் போட விடல நான். அந்த மெயிலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காம மாலை போட மாட்டேன்னுட்டேன். போறதுக்கு முன்னாடி யாருக்காவது ஒரு வரி எழுதியிருப்பார் இல்ல? யாருக்காவது.

பாக்கறப்பல்லாம் கொக்குல அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இருக்கு. அவர் திறந்து வச்ச ஆறு பக்கம், அதே வரிசையில. மூணாவது பக்கம் பாதி உருட்டி நிக்குது, மேல ஒரு வரி பாதியா வெட்டுப்பட்டு. அதை நான் மேலயும் கீழயும் நகத்தினதே இல்ல, நகத்தினா அவர் கண்ணு நின்ன இடம் போயிடும். பெட்டிக்குள்ள பட்டன் பேட்டரி செத்துப்போச்சு, ஒவ்வொரு தடவையும் ரெண்டாயிரமாவது வருஷம் ஜனவரி ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு எந்திரிக்கும். அவர் போகவே இல்லாத ஒரு நாள்ல அவர் போன நாள் திறந்து கிடக்கும். இதைப் பத்தி ரொம்ப யோசிச்சா தலை சுத்தும், நான் யோசிக்க மாட்டேன். இன்னொண்ணு, கீழ் வரி. கொக்கை முழுக்கத் தமிழ் ஆக்கினது இவர்தான், அந்த நாடு வரைக்கும் எழுதிக் கேட்டு, நானூறு சொல்லு. பிரவுசர் என்ன பண்ணுதுன்னு கீழ ஓரத்துல ஒரு வரி வருமே, அதையெல்லாம் இவர் தானே சொல்ற மாதிரி வச்சுட்டார். தேடுகிறேன். காத்திருக்கிறேன். கிடைக்கவில்லை, மன்னிக்கவும். அப்ப எல்லாரும் சிரிச்சாங்க, "என்ன சார், பெட்டிக்குள்ள ஆள் இருக்கா?" இப்ப இந்த வீட்டுல நான் ஒருத்தி, சீலிங் பேன் ஒண்ணு, கீழ ஓரத்துல காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன். அவர் தேர்ந்தெடுத்த சொல்லு, நான் அடிச்ச எழுத்து. யாருக்காகக் காத்திருக்கன்னு ஒரு நாள் வாய்விட்டே கேட்டுட்டேன். கேட்டதும் டிஸ்க் டிக்குனு ஒரு சத்தம் போட்டுச்சு. அன்னைக்குப் பூராவும் அந்த ரூமுக்குள்ள போகல நான்.

இப்பவும் போடுது பாருங்க. டிக். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. டிக். சாகப் போற டிஸ்க் இப்படித்தான் பண்ணும்னு அந்தோணிசாமி சொன்னார், இன்னைக்கோ நாளைக்கோன்னார். அதனாலதான் இன்னைக்கே. வீட்டையும் மாசக் கடைசியில காலி பண்ணணும், ஓசூர்ல கொடி எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. அடுத்த பக்கத்தை முன்னாடியே எடுத்து வச்சுக்கும்னு சொன்னேன் இல்ல, அதை அந்த ஏட்டுக்கிட்ட சொன்னேன். "சார், அவர் அடுத்து எங்க போகப் போறார்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கும் சார், உள்ள பாருங்க சார்." அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். நானே பாத்தேன், ஒவ்வொண்ணா, இருநூத்தி சொச்சம் பக்கம், அவர் தொடாத பக்கம், தொட்டிருக்கக்கூடிய பக்கம். ரயில் நேரம் இருந்துச்சு, வானிலை இருந்துச்சு, ஏதோ ஒரு செடிக்கு லத்தீன் பேரு இருந்துச்சு. ஒரு மனுஷன் போகாத வழியையெல்லாம் ஒருத்தி உக்காந்து படிச்சிருக்கா. பைத்தியம் பிடிக்காம தப்பிச்சது பெரிய விஷயம்.

எங்க விட்டேன்? புள்ளி. ஒன்பது. நான் இருபத்தாறு வருஷம் அச்சாபீஸ்ல தமிழ் அடிச்சவ, எனக்கு எழுத்து கண்ணுல இல்ல, விரல்ல. கண்ணா பின்னான்னு வர்றதைப் பாத்து ஊரே முழிக்கும், நான் கடகடன்னு படிப்பேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் — மத்தவங்களுக்கு அது குப்பை, எனக்கு அது தமிழ். செமிகோலன்தான் எங்க புள்ளி, மெய்யெழுத்துத் தலையில வைக்கற புள்ளி, வலது கை சுண்டுவிரல். இவருக்கும் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான், பத்து விரலும் போட்டு, ரெண்டு விரல்ல குத்தினா முட்டியில ஸ்கேலால ஒண்ணு வைப்பேன். பாஸ்வேர்டு கட்டத்துல தமிழ் எடுக்காது, அதுக்கு இவர் கண்டுபிடிச்ச வழி இது: மனசுல தமிழ்ச் சொல்லு, விரல் தமிழ் அடிக்கற மாதிரியே போகும், விழறது இங்கிலீஷ் எழுத்து. "உலகத்துல ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது வேதா"ன்னு சிரிச்சார். என்ன சொல்லுன்னு நான் கேக்கல. கேக்க வேண்டியதே இல்லைன்னு இருந்தேன். ஏன்னா தினமும் காலையில பக்கத்து மேஜையில நான் இருப்பேன், அவர் அடிக்கறப்ப முதல் அடி எனக்குக் கேக்கும். ஷிப்ட் அழுத்தி என். அது ஏகாரக் கொம்பு. வேதவல்லிக்கு வே. முதல் அடி கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பூரிப்பு, அசடு, அதோட காதை மூடிக்கிட்டு என் வேலையைப் பாப்பேன். என் பேர்தானே, அதுக்கு மேல என்ன கேக்கறது? அவர் போன மூணாவது நாள் இந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து விரல் விட்டு எண்றேன், வேதவல்லி எட்டு அடி. திரையில ஒன்பது புள்ளி. திரும்ப எண்றேன். எட்டு. எட்டுதான். நான் இல்ல. அன்னைக்கு அழுததுக்குக் காரணம் அவர் போனது மட்டும் இல்ல, இதை யார்கிட்டச் சொல்றது.

கொடியோட முழுப் பேரு பொற்கொடி, அது ஒன்பது. போட்டேன், தப்பு. அதுல ஷிப்டே கிடையாது, முதல் அடி சேராது, இருந்தாலும் போட்டேன். ஊர்ப் பேரு, குலதெய்வம், அவங்க அம்மா பேரு, செடி கொடி, பதினோரு வருஷத்துல அறுபதுக்கு மேல. ஒண்ணு மட்டும் போடல. தேன்மொழி. பினாங்குல இருந்து இவர் பக்கத்துக்குக் கடுதாசி போடுவா, கொக்குல படிக்கறவங்க உலகத்துலயே நாப்பது பேர்னா அதுல அவ ஒருத்தி. "ஐயா, உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது எங்கள் வீட்டு ஜன்னலைத் திறப்பதுபோல் இருக்கிறது." இவர் அதை எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினார். மூணாவது தடவை தனியாப் படிச்சார். ஷிப்ட் அழுத்தி என், ஜே, டி, செமிகோலன், என், கே, ஹெச், ஓ, பி. ஒன்பது. முதல் அடி கொம்பு. எல்லாம் சேருது, சேரக் கூடாதது எல்லாம் சேருது. போட்டுப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சுடும்னுதான் பதினோரு வருஷமா போடல. இன்னைக்கு ஒண்ணுதான் மிச்சம். நான் போடலைன்னா அந்தோணிசாமி படிப்பார். "தேன்மொழியாம்மா?" ஐயோ. போனை எடுத்து என் அடிச்சேன், ஜே அடிச்சேன், டி அடிச்சேன், அழிச்சுட்டேன். ஐம்பத்தெட்டு வயசுல எனக்கு இது ஒரு கேடு. எந்திரிச்சு தண்ணி குடிச்சேன். பன்னெண்டு முப்பத்திரெண்டு.

அந்தோணிசாமி வர்றதுக்குள்ள இந்தக் கீபோர்டையாவது தொடைச்சு வைப்போம்னு ஈரத்துணியை எடுத்தேன். பதினோரு வருஷமா இதுல நான் விரல் வச்சதில்ல, மவுஸ் மட்டும்தான். ஏன்னு கேட்டா தெரியாது, அவர் விரல் பட்ட இடம்னு ஒரு இது. தூசி, எறும்பு, ஒரு முடி, நரைச்சது, அவரோடது. துணி இடது ஓரத்துல ஷிப்ட் மேல அழுந்துச்சு. கிறீச். அய்யோ. இந்தச் சத்தம். உள்ள ஸ்பிரிங்ல துரு, அப்பவே உண்டு, எண்ணெய் விடுங்க எண்ணெய் விடுங்கன்னு சண்டை போடுவேனே. மறுபடி அழுத்தினேன். கிறீச். என் முதுகுக்குப் பின்னாடி காலை வேளை வந்து நின்ன மாதிரி இருந்துச்சு, காப்பி வாசனையோட. கிறீச் டக். அப்புறம்? டக் டக் டக் டக். அப்புறம் இன்னொரு கிறீச்! ஆமா, ரெண்டு கிறீச் வரும். நான்தான் காதை மூடிக்கிட்டேன், காது மூடல, அது பாட்டுக்குக் கேட்டுத் தேக்கி வச்சிருக்கு. கிறீச் டக், டக் டக் டக் டக், கிறீச் டக், டக் டக், கடைசியா ஒரு மெத்துனு அடி, சுண்டுவிரல் அடி, உடனே அதே சுண்டுவிரல் நீண்டு என்டர். ஒன்பது. எண்ணிட்டேன், ஒன்பது. கடைசியில புள்ளி வச்ச எழுத்து. தேன்மொழிக்குக் கடைசியில புள்ளி கிடையாது. தேன்மொழிக்கு ரெண்டு கிறீச் கிடையாது. அவ இல்ல. அவ இல்லடி வேதா! எந்தப் பாவமும் அறியாத ஒரு பொம்பளையைப் பதினோரு வருஷமா மனசுக்குள்ள வச்சுத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். சிரிப்பு வந்துச்சு, சத்தமாவே சிரிச்சுட்டேன். அந்த ரூம்ல என் சிரிப்பு எனக்கே நல்லா இல்ல, நிறுத்திட்டேன்.

அப்ப எது? பேரு இல்ல. பேரு இப்படி முடியாது. ரெண்டாவது கிறீச்சும் கொம்பு, அதுக்கப்புறம் டக் டக், புள்ளி. றேன். ஆமா, றேன்! தேடுகிறேன், காத்திருக்கிறேன், இவர் வச்ச சொல்லெல்லாம் அப்படித்தானே முடியும். வருகிறேன்! விரல் மேஜை மேல தானா ஓடுது, வ, ரு, கி, றே, ன். அதானே, வேற என்ன இருக்க முடியும், அன்னைக்குச் சொல்லாமப் போன சொல்லு, தினமும் காலையில இங்க சொல்லி வச்சிருக்கார், எனக்காக வச்சுட்டுப் போயிருக்கார். போனை எடுத்துட்டேன். கண்ணெல்லாம் தண்ணி. அடிக்கறதுக்கு முன்னாடி எண்ணு, அவசரக்காரி, ஒண்ணுதான் இருக்கு. எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு. முதல் அடி சாதா, ரெண்டாவதுலதான் கிறீச். சேரல. ஒரு புள்ளி அதிகமா இருக்கு அங்க. திரையைப் பாத்தா மேல ஓரத்துல, முகவரி அடிக்கற கட்டத்துக்குப் பக்கத்துல அந்தச் சின்னப் பட்டன். 'செல்க'ன்னு இருக்கு. அது செல்கன்னு இருந்திருக்க வேண்டியதில்ல. அதுக்கு இவர் எழுதிக் கொடுத்த சொல்லு வேற. பேப்பர்ல பாத்ததும் நான் அடிக்க மாட்டேன்னுட்டேன். "என்னங்க இது, விளக்கு வச்ச வீட்டுல இந்தச் சொல்லை எழுதி நடுவுல ஒட்டி வைக்கறதா? கடைக்குப் போறவங்ககூட வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க." "பட்டன்தானேம்மா இது, அது வேலையைத்தானே அது சொல்லுது." "என் கையால அடிக்க மாட்டேன்." அவர் சண்டை போடல. சிரிக்கக்கூட இல்ல. பேப்பரை வாங்கி அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடிச்சார், மேல செல்கன்னு எழுதிக் கொடுத்தார். நானூறு சொல்லுல அந்த ஒண்ணை மட்டும்தான் நான் வேண்டாம்னேன். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, அந்தக் கோடு இப்ப என் கண்ணு முன்னாடி நிக்குது. விரல் மேஜை மேல போக மாட்டேங்குது, இழுத்து வச்சு அடிக்கறேன். கிறீச் டக், டக் டக். போ. டக் டக். கி. டக்... ஆமா. ஆமா. சாமி, ஒன்பது.

போகிறேன். தினமும் காலையில, ரெண்டடி தள்ளி, நான் காப்பி டம்ளரை வச்சுக்கிட்டு பூரிச்சுப் போய் உக்காந்திருக்கறப்ப, பத்து விரலையும் சரியாப் போட்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரி, போகிறேன், போகிறேன், போகிறேன். எத்தனை வருஷம்? தேன்மொழியா இருந்திருக்கலாம். நிஜமாச் சொல்றேன், தேன்மொழியா இருந்திருந்தா கட்டிப் புரண்டு சண்டை போட்டிருப்பேன், அப்புறம் சரியாப் போயிருக்கும். இதுக்கு யாரோட சண்டை போடறது? காது இருந்தும் செவிடு நான். போனை எடுத்தேன். கடைசித் தடவை. மனசு சொல்லுது, தப்பா இருக்கட்டும், தப்பா இருக்கட்டும், பூட்டிக்கட்டும். ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து அடிச்சேன். ஒன்பது புள்ளி விழுந்துச்சு, போன்லயும். 'உள்ளே போ' பட்டனை அழுத்தினேன். ஒரு வட்டம் சுத்துச்சு. வழக்கமா சிவப்புல 'தவறான கடவுச்சொல்'னு வரும், அறுபது தடவை பாத்திருக்கேன், எனக்கு அது மனப்பாடம். இது வேற. சிவப்பு இல்ல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். 'இது உங்கள் பழைய கடவுச்சொல். பதினான்கு மாதங்களுக்கு முன் நீங்கள் அதை மாற்றிவிட்டீர்கள்.'

நான் மாத்தல. நான் இல்ல. எனக்கு இந்தச் சொல்லே இப்பத்தான் தெரியும், உலகத்துல வேற யாருக்கும் தெரியாதுன்னு அவர்தானே சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இல்ல, பதினாலு மாசம். போன வருஷம் பங்குனி. பங்குனியில நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? மோட்டார் ரிப்பேர் ஆகி மூணு நாள் தண்ணி இல்ல, எதிர் வீட்டுல குடம் வாங்கினேன். நான் குடம் தூக்கிக்கிட்டு மாடி ஏறினப்ப எங்கயோ ஒரு நாற்காலியில உக்காந்து, பத்து விரலையும் வச்சு, ஒரு சொல்லை எடுத்துட்டு வேற சொல்லு வச்சிருக்கான். இனிமே அது அவனுக்கு வேண்டாம், போயாச்சே. உயிரோட இருக்கான் பாவி. மூச்சு விட்டுக்கிட்டு, சோறு தின்னுக்கிட்டு, பாஸ்வேர்டு மாத்திக்கிட்டு இருக்கான். போன் கையிலயே அடிச்சுது, தூக்கிவாரிப் போட்டுச்சு, கொடி. "அம்மா, அவர் வந்துட்டாராம்மா?" எனக்கு அவர்னா ஒருத்தர்தான். "யாரு?" "என்னம்மா யாருங்கற, அந்தோணிசாமி அண்ணன்தான். ஏம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பாஸ்வேர்டு கிடைச்சுடுச்சா? அப்பா என்னம்மா வச்சிருந்தார்?" அவ அந்தப் படத்து முன்னாடி தினமும் விளக்கு ஏத்திட்டுத்தான் ஆபீஸ் போறா. அழுது முடிச்சவ. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது, எப்படிச் சொல்லாம இருக்கறது. வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேக்குது, அந்தோணிசாமியா இருக்கும். "அம்மா? சொல்லும்மா." "கொடி"ன்னேன். "அந்தப் படத்தைக் கழட்டி வச்சுடு. உங்க அப்பா காணாமப் போகலடி. போயிருக்கார்."